வானநீல எலுமிச்சைகளின் ஆறு கசெற்றுகள்

"ஞானா, அந்த மஞ்சள் பிஸ்கற் ரின் எங்கை?"

வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா ஓர்னெல்லா ஸ்ரோர் அறையில் நாற்காலிமேல் ஏறி நின்று கேட்டார். கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த வேலைக்காரன் ஞானசேகரத்தின் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

"எந்த ரின் சிஞ்ஞோரா?"

"மூடியிலை நீல எலுமிச்சம்பழம் கீறின ரின். உள்ளை ஆறு கசெற் கிடந்தது. கொர்ராதோன்ர பாட்டுகள்!"

அந்த ரின் எங்கே என்று ஞானசேகரத்துக்கு நன்றாகத் தெரியும். இத்தாலியின் பலேர்மோ நகரில், போர்கோ வெக்கியோப் பகுதியில் அவன் வாடகைக்கு இருந்த அறையில், அடுப்புக்குப் பக்கத்தில், வறுத்து இடித்த மிளகாய்த்தூளோடு இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது இதே சிஞ்ஞோராதான் இதே மூலையைக் காட்டி, "உதெல்லாத்தையும் எறியும்" என்று சொன்னவர். நல்ல யப்பான் கசெற்றுகளை எறிய மனம் வராமல் அவன் வீட்டுக்குக் கொண்டுபோனான். இதை இப்போது சொல்லலாம்தான். ஆனால் அவனும் கல்யாணம் செய்தவன். 'நீங்கள்தானே சொன்னனீங்கள்' என்ற வசனத்தால் உலகத்தில் எந்த வீட்டிலும் எந்த நன்மையும் விளைந்ததில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

கதவடியில் அவருடைய கணவர் சிஞ்ஞோர் கொர்ராதோ நின்றார். காப்புறுதி முகவர், வயது ஐம்பது, தலையில் எண்ணக்கூடிய முடிகள். 1972இல் அந்த முடி இடுப்புவரை தொங்கியதாம். 'வானநீல எலுமிச்சைகள்' என்ற இசைக்குழுவுக்கு அவர்தான் தலைவர். கித்தார், சித்தார், சிசிலி இடையர்களின் தோல்பை ஊதுகருவி, பல்லில் வைத்துச் சுண்டும் மொறுசிங் எல்லாவற்றையும் ஒரே பாட்டுக்குள் போட்டுக் கலக்கிய ஹிப்பிக் கூட்டம். ஒரேயொரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். பிறகு ஆளுக்கொரு வேலையாய்ப் போய்விட்டார்கள். வெளிவராத பாட்டுகள் எல்லாம் ஒத்திகையில் பதிந்த அந்த ஆறு கசெற்றில்தான்.

"சனிக்கிழமை மிலானோவிலை இருந்து ஆள் வருது" என்றார் சிஞ்ஞோரா. "பழைய இசைக்குழுக்களைத் தேடிப் பிடிச்சு வெளியிடுற பெரிய மனிசன். நான்தான் கடிதம் போட்டனான். எங்கடை இருபதாவது கல்யாண நாளுக்கு என்ர பரிசு. அந்தப் பாட்டைக் கேட்டுத்தானே நான் இவரைக் கட்டினனான்!"

"இல்லாட்டி விடும் ஓர்னெல்லா" என்றார் சிஞ்ஞோர், மிக மென்மையாக. "துலைஞ்சால் துலைஞ்சதுதான். என்ன செய்யிறது."

சிஞ்ஞோராவின் கண் கலங்கியது. ஞானசேகரத்தின் நெஞ்சு இன்னும் வேகமாய்க் கலங்கியது. ஏனென்றால் அவனுடைய சட்டைப் பையில் ஒரு பேப்பர் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவி யோகாம்பாளை பலேர்மோவுக்குக் கூப்பிடும் பேப்பர். 'இவருக்கு என் வீட்டில் நிரந்தர வேலை உண்டு' என்று சிஞ்ஞோர் கையெழுத்து வைக்க வேண்டும். திங்கட்கிழமை குவெஸ்தூரா என்ற குடிவரவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த தவணை எப்போதென்று அங்கே இருப்பவர்களுக்கே தெரியாது. சிஞ்ஞோரா சிரித்தால்தான் சிஞ்ஞோர் கையெழுத்து வைப்பார் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"ரின் பத்திரமா இருக்கு சிஞ்ஞோரா!" என்றான் ஞானசேகரம். "இஞ்சை ஈரம் கூட எண்டு என்ர அறையிலை வைச்சிருக்கிறன். சனிக்கிழமை காலமை கொண்டு வாறன்."

சிஞ்ஞோரா நாற்காலியில் இருந்து இறங்கி அவனுடைய இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டார். சிஞ்ஞோர் பழைய பேப்பர்க் கட்டின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

'பாவம், சந்தோசத்திலை கால் தளர்ந்துபோச்சு' என்று ஞானசேகரம் நினைத்துக்கொண்டான்.

படியிறங்கும்போது வாசல் காவலாளி தோன் தனீனோ மறித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சிஞ்ஞோரும் அவரும் அந்தச் சின்னக் கூண்டுக்குள் ஒரே வானொலியோடு ஒட்டிக்கொண்டிருப்பார்கள். பழைய சிநேகம்.

"மேலை என்ன நடக்குது ஞானா? சிஞ்ஞோருக்கு மூண்டு கிழமையா நித்திரை இல்லை. ஏறுறார், இறங்கிறார், பெருமூச்சு விடுறார்."

"பாட்டுகள் வெளிவரப் போகுதெல்லோ. அந்த ஆவல்தான்."

"ஓமோம்" என்றார் தோன் தனீனோ. "ஆவல்தான்."

*

அறைக்கு வந்ததும் ஞானசேகரம் கணக்கெடுத்தான். ஆறில் நான்கு யாழ்ப்பாணத்தில். இரண்டு இங்கே.

அது 1994. யாழ்ப்பாணத்தில் சண்டை. தொலைபேசி இல்லை, மின்சாரம் இல்லை, பற்றறி உள்ளே போகத் தடை. கடிதத்தில் எழுதினால் பாதி ஆசை பேனைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதனால் புருசனும் பெண்சாதியும் கசெற்றில் கதைத்தார்கள். இவன் ஒரு பக்கம் கதைத்து, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவான். அவள் அதையே அழித்து, அதிலேயே பதில் கதைத்து அனுப்புவாள். சிஞ்ஞோரின் கசெற்றுகளில் அழியாமல் இருப்பதற்கான சின்னப் பிளாஸ்ரிக் காதுகள் முறிக்கப்பட்டிருந்தன. ஞானசேகரம் பஸ் ரிக்கற்றைச் சுருட்டி அந்த ஓட்டைகளை அடைத்தான். இது ஐரோப்பாவில் உள்ள எல்லா யாழ்ப்பாணத்தானுக்கும் தெரிந்த வித்தை.

"அப்ப ஆறு கசெற்றையும் நீ கதைச்சே அழிச்சுப்போட்டாய்" என்றார் அறைத் தோழர் சுவாம்பிள்ளை. மன்னார்க்காரர், கோயில் பாடகர் குழுவில் தம்புரீன் தட்டுபவர். "அழிக்க முன்னம் ஒருக்காக் கேட்டும் பாக்கேல்லையோ?"

"எனக்கென்னண்ணை ஹிப்பிப் பாட்டு?"

இருந்த இரண்டில் ஒன்று யோகாம்பாள் கடைசியாக அனுப்பிய பதில். மற்றது ஞானசேகரம் பாதி கதைத்து நிறுத்தியது. அதைக் கடைசிவரை ஓடவிட்டார்கள். அவன் குரல் முடிந்த இடத்தில், அடியில் இருந்த பழைய ஒலி நான்கு நிமிடம் மிஞ்சியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் இரைந்தார்கள். நடுவே ஒருவன் மூச்சே விடாமல் தொண்டை கிழியக் கத்தினான்.

"ஆகா" என்றார் சுவாம்பிள்ளை. "என்ன உணர்ச்சி, என்ன உருக்கம்! சனம் எப்பிடிக் கத்துது பார். சிஞ்ஞோர் சும்மா ஆளில்லை."

"இந்த நாலு நிமிசம் காணும் அண்ணை. இதையே திருப்பித் திருப்பிப் பதிஞ்சு ஆறு கசெற்றையும் நிரப்புவம். நான் பாத்துக்கொள்ளுறன்."

ஞானசேகரம் வுச்சீரியாச் சந்தையில் பழைய சாமான் விற்பவனிடம் நான்கு பழைய வெற்றுக் கசெற்றுகளை வாங்கிவந்து, தேயிலைச் சாயம் பூசி இன்னும் பழசாக்கினான். சுவாம்பிள்ளை பங்குச் சாமியாரின் இரண்டு கசெற் போடும் ரேப்பை இரவல் வாங்கிவந்தார். இரண்டு பேரும் நம்பிக்கையோடு பொத்தானை அழுத்தினார்கள். எந்தப் பொத்தான் என்பதில்தான் சின்னத் தவறு; கசெற்றைப் படியெடுப்பதற்குப் பதிலாக அறையின் சத்தத்தை அதன்மேலேயே பதிந்துவிட்டார்கள். ஒலித்துப் பார்த்தபோது ஹிப்பியின் நான்கு நிமிடம் இருந்த இடத்தில் சுவாம்பிள்ளை மீன் பொரிக்கும் சத்தம் இருந்தது.

"பரவாயில்லை" என்றான் ஞானசேகரம். "நாளைக்கு ஈரத்தைச் சாட்டுறன்."

*

வியாழக்கிழமை கோப்பி கொண்டுபோனபோது தொடங்கினான்.

"சிஞ்ஞோர், எங்கடை அறையிலும் ஈரம் கொஞ்சம் கூடத்தான். கசெற்றுகள் பழுதாப் போயிருக்குமோ எண்டு ஒரு யோசினை..."

சிஞ்ஞோரின் முகம் விளக்குப் போட்டதுபோல் மலர்ந்தது. "பழுதாப் போயிருக்கும்! கட்டாயம் போயிருக்கும்! பலேர்மோ ஈரம் எண்டால் சும்மாவோ? நீர் கவலைப்படாதையும். நானே ஓர்னெல்லாவுக்குச் சொல்லுறன்."

என்ன பெருந்தன்மை என்று ஞானசேகரம் மெய்சிலிர்த்தான்.

"ஈரமோ?" என்று குசினியில் இருந்து சிஞ்ஞோராவின் குரல் வந்தது. "அதுக்கென்ன, அந்த மிலானோ மனிசனிட்டை பெரிய ஆய்வுகூடம் இருக்காம். ஈரம் பட்டாலும் எடுப்பினமாம். மேலை வேறை எதையாவது பதிஞ்சிருந்தாலும் அடியிலை கிடக்கிறதைத் தோண்டி எடுக்கிற மெசின் இருக்காம். கடிதத்திலை எழுதியிருக்கிறார்."

கோப்பிக் கோப்பை தட்டில் நடுங்கியது. தட்டு ஞானசேகரத்தின் கையில் இருந்தது. கோப்பை சிஞ்ஞோரின் கையில் இருந்தது. இரண்டும் நடுங்கியதால் யாருடைய நடுக்கம் என்று யாரும் கவனிக்கவில்லை.

"ஈரம் இல்லை சிஞ்ஞோரா!" என்று ஞானசேகரம் கத்தினான். "ஒரு பொட்டும் இல்லை! கசெற் எல்லாம் புதுசு மாதிரி!"

சிஞ்ஞோர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருப்பதாக ஞானசேகரத்துக்குத் தோன்றியது.

*

வெள்ளிக்கிழமை பின்னேரம் சுவாம்பிள்ளை முடிவெடுத்தார். "இனி ஒரே வழி. நாங்களே பாடுவம்."

"ஹிப்பிப் பாட்டோ?"

"ஹிப்பி எண்டால் என்ன? மெட்டும் இல்லை, தாளமும் இல்லை. உனக்கு அது இயல்பா வரும்."

சுவாம்பிள்ளை தம்புரீன் தட்டினார். ஞானசேகரம் சோற்றுப் பானையைக் கவிழ்த்து அடித்தபடி பல்லவி மாதிரி ஒன்றை அடிவயிற்றில் இருந்து இழுத்தான். பக்கத்து வீட்டுக்காரி சுவரில் செருப்பால் அடித்தாள். அதுவும் தாளத்தோடு பதிந்தது. மீன் பொரித்த கசெற் இப்போது பாட்டுக் கசெற் ஆகியது. அதை ரின்னுக்குள் போட்டு, வுச்சீரியாவில் வாங்கிய நான்கையும் பக்கத்தில் அடுக்கி, "ஒண்டு எங்கையோ துலைஞ்சு போச்சு எண்டு சொல்லுவம்" என்று தீர்மானித்து, ஞானசேகரம் நிம்மதியாகப் படுத்தான். மிளகாய்த்தூளைக் கொட்டிய ரின்னைக் கழுவவேண்டும் என்பது மட்டும் இரண்டு பேருக்கும் நினைவுக்கு வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. சனிக்கிழமை காலை ஞானசேகரம் முகம் கழுவப் போன நேரத்தில், தன் தம்புரீனை ஒருமுறை கேட்டு ரசிக்கவேண்டும் என்ற ஆசை சுவாம்பிள்ளைக்கு வந்தது. ரேப்பில் கிடந்த கசெற்றை வெளியே எடுத்தார். ரின்னில் இருந்ததை உள்ளே போட்டார். கையில் மிஞ்சியதை ரின்னுக்குள் வைத்து மூடினார்.

ரேப்பில் கிடந்தது, ஞானசேகரம் தினமும் கேட்கிற யோகாம்பாளின் பதில்.

*

மிலானோவில் இருந்து வந்த தொத்தோர் பாஸ்ஸி ஒல்லியாக, தாடியோடு, கறுப்பு உடுப்பில் இருந்தார். ரின்னை மிகப் பக்தியோடு திறந்து, முகத்தை உள்ளே விட்டு, ஏழு முறை தும்மினார். கண்ணில் இருந்து நீர் கொட்டியது.

"பாரும், எப்பிடி உருகிப்போனார்" என்று சிஞ்ஞோரா கிசுகிசுத்தார்.

முதல் நான்கு கசெற்றிலும் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றும் வெறுமையாக ஓடி முடியும்போது சிஞ்ஞோரின் முகத்தில் ஒரு குழப்பம் ஏறியது. ஐந்தாவது கசெற்றை பாஸ்ஸி போட்டார். சிஞ்ஞோர் கண்ணை மூடிக்கொண்டார். கதவடியில் ஞானசேகரமும் மூடிக்கொண்டான். பானைச் சத்தத்துக்குத் தயாராக.

ர்ர்ர்ர்ர் என்று ஓர் இரைச்சல் வந்தது. பிறகு அணில்போலக் கீச்சிட்ட ஒரு பெண்குரல்:

"இஞ்சாருங்கோ..."

ஞானசேகரம் கண்ணைத் திறந்தான்.

அவனுடைய யோகாம்பாள்! பற்றறி இல்லாத யாழ்ப்பாணத்தில் அவள் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் இருந்து ரேப்புக்கு வயர் இழுத்து, தமையன் கோபாலசிங்கத்தை மிதிக்கவிட்டுத்தான் பேசுவாள். அவர் களைத்து மிதி குறைந்தால் குரல் கீச்சிடும். வேகமெடுத்தால் ஆண்குரலாய்த் தடிக்கும். ஒரே வசனத்துக்குள் அவள் குழந்தையாகி, கிழவியாகி, திரும்பவும் குமரியாவாள்.

"படத்திலை மெலிஞ்சுபோய் நிக்கிறீங்கள். சாப்பிடுறன் சாப்பிடுறன் எண்டு பொய் சொல்லாதேங்கோ..."

"கெதியாக் கதையடி, எனக்குக் கால் நோகுது!" என்று பின்னால் கோபாலசிங்கம் மூச்சிரைத்தார்.

பாஸ்ஸி நாற்காலியில் இருந்து எழுந்து நின்றார். "எழுபத்திரண்டிலையா? எழுபத்திரண்டிலேயே குரலை இப்பிடி வளைச்சிருக்கிறீங்களா? இந்த இரைச்சல் என்ன கருவி? அந்த ஆண்குரல்... மூச்சையே தாளமாக்கியிருக்கிறார்!"

"நீங்கள் பாடச் சொல்லிக் கேட்டனீங்கள்" என்றாள் யோகாம்பாள். "அண்ணைக்கு முன்னாலை வெக்கமாக் கிடக்கு. எண்டாலும் பாடுறன். நானே கட்டினது." பிறகு பாடினாள்:

"வாவா எண்டு சொன்னீர்
வருசம் மூண்டு போச்சு
பேப்பர் பேப்பர் எண்டீர்
பெட்டி கட்டியாச்சு..."

குரல் ஏறி, தளர்ந்து, வளைந்து, மறுபடி நிமிர்ந்தது. தூரத்தில் டும் என்று ஒன்று கேட்டது. சிறிது விட்டு இன்னொன்று. பாட்டு ஒரு கணம் நின்று, பிறகு விட்ட இடத்தில் இருந்தே தொடர்ந்தது.

"அந்த மேளம்!" என்றார் பாஸ்ஸி, மெதுவாக. "எவ்வளவு அளவோடை..."

அது மேளம் அல்ல என்று அந்த அறையில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். இந்தப் பாட்டைத் தினமும் கேட்கிறவன்தான். ஆனாலும் அந்த இடைவெளியில் தினமும் அவனுக்கு மூச்சு நிற்கும்.

கசெற் முடிந்தது. சிஞ்ஞோரா அழுதுகொண்டிருந்தார். பாஸ்ஸி சிஞ்ஞோரின் கையைப் பிடித்தார். "யார் இந்தப் பாடகி?"

சிஞ்ஞோர் கண்ணைத் திறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவர் கசெற்றைப் பார்த்தார். காது ஓட்டையில் சுருட்டி அடைத்திருந்த பலேர்மோ பஸ் ரிக்கற்றைப் பார்த்தார். பிறகு ஞானசேகரத்தைப் பார்த்தார். ஞானசேகரம் நிலத்தைப் பார்த்தான். வேலை போயிற்று, பேப்பர் போயிற்று.

"அவவோ?" என்றார் சிஞ்ஞோர், காப்புறுதி விற்கும் குரலில். "அவ எங்கடை குழுவின்ர பாடகி. கிழக்கிலை இருந்து வந்தவ."

ஞானசேகரம் நிமிர்ந்தான்.

"பாட்டு எதைப் பற்றி?"

"காதல்" என்றார் சிஞ்ஞோர். "கடல்."

"எனக்கு மற்றக் கசெற்றுகளும் வேண்டாம், ஆய்வுகூடமும் வேண்டாம். இந்த ஒண்டு காணும்" என்றார் பாஸ்ஸி. "ஆனால் இந்தக் குரலுக்குச் சொந்தக்காரி நேரிலை வந்து கையெழுத்து வைக்கவேணும். இல்லாட்டி ஒரு நிமிசம்கூட வெளியிட மாட்டன். இருபத்திரண்டு வருசம். எங்கை தேடுறது?"

 ஞானசேகரம் தன் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய மூச்சை இழுத்துவிட்டான்.

"எனக்குத் தெரியும்" என்றான். "அவ என்ர மனிசி."

சிஞ்ஞோராவின் கைக்குட்டை விழுந்தது. "ஆனால் ஞானா, அவவுக்கு முப்பத்தொரு வயசு எண்டெல்லோ சொன்னனீர்? எழுபத்திரண்டிலை..."

எழுபத்திரண்டில் யோகாம்பாள் கோண்டாவிலில் நாலாம் வகுப்பு. 

"ஒன்பது வயசு!" என்று சிஞ்ஞோர் இடையில் விழுந்தார். "அபூர்வக் குழந்தை! தகப்பன் கப்பல்காரன். துறைமுகத்திலை ஒரு கிழமை நிண்டவை. அந்த மூச்சுவிடுற ஆள்தான் தகப்பன்."

"கடவுளே" என்றார் சிஞ்ஞோரா. "அந்தப் பிள்ளையின்ர புருசன் எங்கடை வீட்டுக்கே வேலைக்கு வந்திருக்கிறானே! கொர்ராதோ, பேனை எங்கை? ஞானா, அந்தப் பேப்பரை எடும்! திங்கட்கிழமை நானும் உம்மோடை குவெஸ்தூராவுக்கு வாறன். அவை என்ன சொல்லுகினம் எண்டு பாப்பம்!"

சிஞ்ஞோர் கையெழுத்து வைத்தார். மூன்று இடத்தில் கேட்டிருந்தது. அவர் ஐந்து இடத்தில் வைத்தார்.

*

ஞானசேகரம் படியிறங்கும்போது அவன் கால்கள் படியில் படவில்லை. ஆனால் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. என்ன மனிதர்! ஒரு வேலைக்காரனுக்காக, தன் இளமைப் பாட்டெல்லாம் அழிந்ததைப் பார்த்த பிறகும், பெண்சாதிக்கே பொய் சொன்னாரே. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவான் போலிருந்தது.

தோன் தனீனோ கூண்டுக்கு வெளியே நின்றார். "என்ன, மிலானோக்காரன் போலீசைக் கூப்பிட்டானோ?"

"தோன் தனீனோ, உங்களுக்கு மட்டும் சொல்லுறன். அந்தக் கசெற்றுகளிலை இருந்த சிஞ்ஞோரின்ர பாட்டெல்லாத்தையும் அழிச்சது நான். என்ர மனிசியோடை கதைக்கிறதுக்காக. சிஞ்ஞோருக்கு அது விளங்கிட்டுது. விளங்கியும் என்னைக் காப்பாத்தினார். அவரிட்டைப் போய்க் காலிலை விழப்போறன்."

 தோன் தனீனோ அவனைக் கூண்டுக்குள் இழுத்து, கதவைச் சாத்தி, வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு அவன் காதருகே குனிந்தார்.

"விழுந்தால் நீ மட்டுமில்லை, அவரும் உன்ர காலிலை விழுவார் ஞானா, எண்பத்திரண்டிலை அந்த ஆறு கசெற்றிலையும் பாட்டெல்லாத்தையும் அழிச்சுப்போட்டு, இத்தாலி வெண்ட உலகக்கிண்ணக் கால்பந்து வர்ணனையைப் பதிஞ்சு, அது அழியக்கூடாதெண்டு காதையும் முறிச்சு வைச்சது நானும் அவரும்தான்."